இடதுசாரிச் சாய்வுள்ள கட்சிக்குள் மையவாதக் கடும்போக்காளர்கள்: சித்தூர், திருப்பதி காட்டும் அரசியல் பாடம்

திருப்பதி: ஏழைகள், உழவர்கள், தொழிலாளர்களின் நலனை முன்னிறுத்தும் ஒரு கட்சிக்குள், எல்லை, ராணுவம், உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகியவற்றில் கடுமையான நிலைப்பாடு எடுக்கும் தலைவர்களுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது? நெருக்கடி வரும்போது கட்சி அவர்கள் சொல்வதைக் கேட்கிறதா? நெருக்கடி தணிந்த பிறகு அவர்கள் என்ன ஆகிறார்கள்?

சுதந்திர இந்தியாவில் இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடை 1959 முதல் 1974 வரையிலான காங்கிரஸ் கட்சியின் வரலாற்றில் கிடைக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு முக்கியமான திருப்பம் ஆந்திரத்தின் சித்தூர் மக்களவைத் தொகுதியில் நிகழ்ந்தது. மக்களவைச் சபாநாயகரையே தேர்ந்தெடுத்து அனுப்பிய தொகுதி, அதே ஆண்டில் காங்கிரசின் கொள்கையை எதிர்த்து வெளியேறிய ஒருவரை அதே இருக்கைக்கு அனுப்பியது. அந்த வரலாற்றையும் அதன் பின்னணியையும் இந்தத் தொகுப்பு விளக்குகிறது.

யார் இந்த மையவாதக் கடும்போக்காளர்கள்?

போரை, ராணுவ வலிமையை, விட்டுக்கொடுக்காத பேச்சுவார்த்தையை ஆதரிப்பவர்களைப் 'பருந்துகள்' என்றும், சமரசத்தை விரும்புபவர்களைப் 'புறாக்கள்' என்றும் அழைப்பது பத்திரிகை வழக்கு. பிரிட்டனுடன் 1812ஆம் ஆண்டு நடந்த போருக்கு முன்பு, போரை வலியுறுத்திய அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சூட்டப்பட்ட பெயரிலிருந்து இந்த வழக்கு பிறந்தது. தமிழில் இவர்களைக் கடும்போக்காளர்கள் என்கிறோம்.

எல்லாக் கடும்போக்காளர்களும் வலதுசாரிகள் அல்லர். நிலச்சீர்திருத்தத்தையும் பொதுத்துறையையும் ஏற்றுக்கொண்டு, பாதுகாப்பில் மட்டும் கடுமை காட்டியவர்கள் உண்டு. தனியார் தொழிலுக்கு ஆதரவாக இருந்துகொண்டே அணுகுண்டை எதிர்த்தவர்களும் உண்டு. பொருளாதாரத்தில் நடுப்பாதையும், பாதுகாப்பில் கடும்பாதையும் கொண்டவர்களே மையவாதக் கடும்போக்காளர்கள். கட்சியின் அடிப்படைக் கொள்கையை மாற்ற வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை அல்ல. நாட்டின் பாதுகாப்புக்கு முதலிடம் தர வேண்டும் என்பதே அவர்கள் வாதம்.

காங்கிரசை இடதுபக்கம் திருப்பிய ஆவடி

விடுதலைப் போராட்டக் காலத்தில் காங்கிரஸ் எல்லாக் கருத்தினருக்கும் பொதுவான குடையாக இருந்தது. சென்னையை அடுத்த ஆவடியில் 1955 ஜனவரியில் நடந்த மாநாட்டில், சோசலிச பாணிச் சமுதாயமே கட்சியின் இலக்கு என்று அறிவிக்கப்பட்டது. கனரகத் தொழில்களுக்கு முன்னுரிமை தந்த இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் அடுத்த ஆண்டு தொடங்கியது. கூட்டுறவு விவசாயத்தை ஆதரிக்கும் தீர்மானம் 1959 ஜனவரியில் நாக்பூர் மாநாட்டில் நிறைவேறியது.

வெளியுறவில் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அணிசேராக் கொள்கையைக் கடைப்பிடித்தார். சீனாவுடன் 1954இல் பஞ்சசீல ஒப்பந்தம் கையெழுத்தானது. பாதுகாப்பு அமைச்சராக 1957 முதல் இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் கட்சியின் இடதுசாரி முகமாகக் கருதப்பட்டார். இவ்வாறு உள்நாட்டுக் கொள்கை, வெளியுறவுக் கொள்கை இரண்டிலும் இடதுபக்கம் சாய்ந்த கட்சிக்குள்தான் மையவாதக் கடும்போக்காளர்கள் தங்கள் இடத்தைத் தேட வேண்டியிருந்தது.

எச்சரித்தவர்கள்

முதல் எச்சரிக்கை மிக மேலிடத்திலிருந்தே வந்தது. திபெத்துக்குள் சீனப் படைகள் நுழைந்ததையடுத்து, இந்தியாவின் வடக்கு எல்லை இனிப் பாதுகாப்பானது அல்ல என்று துணைப் பிரதமர் சர்தார் வல்லபபாய் படேல், 1950 நவம்பர் 7ஆம் தேதி நேருவுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த மாதமே அவர் காலமானார். கட்சிக்குள் அவருக்கு இணையான செல்வாக்குடன் அந்த வாதத்தை எடுத்துச் செல்ல அதன்பிறகு எவரும் இல்லை.

தலாய் லாமா 1959 மார்ச் இறுதியில் இந்தியாவில் தஞ்சம் புகுந்தார். அக்சாய் சின் பகுதியில் சீனா சாலை அமைத்திருப்பதை அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் நேரு மக்களவையில் உறுதிப்படுத்தினார். அக்டோபரில் லடாக்கின் கொங்கா கணவாய் அருகே இந்தியக் காவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். காங்கிரஸ் நாடாளுமன்றக் கட்சிக்குள் எழுந்த கேள்விகளை அதன்பிறகு அடக்க முடியவில்லை. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த மகாவீர் தியாகி போன்ற உறுப்பினர்கள் ஆளுங்கட்சி வரிசையிலிருந்தே அரசைக் கேள்வி கேட்டனர். சீனப் பிரதமர் சௌ என்லாய் 1960 ஏப்ரலில் டெல்லி வந்தபோது, உள்துறை அமைச்சர் கோவிந்த் வல்லப் பந்த், நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் ஆகியோர் அவரிடம் விட்டுக்கொடுக்காத நிலைப்பாட்டையே எடுத்தனர்.

இந்தக் குரல்கள் கேட்கப்பட்டன. ஆனால் முடிவு அவர்கள் கையில் இல்லை. நேருவின் செல்வாக்குக்கு எதிராக நிற்கக்கூடிய தேர்தல் பலம் அவர்களுக்குக் கிடையாது. 1962 பிப்ரவரியில் நடந்த வடக்கு பம்பாய் தேர்தல் இதை நிரூபித்தது. கிருஷ்ண மேனனை எதிர்த்துச் சுயேச்சையாக நின்ற ஆச்சார்ய கிருபளானிக்குப் பிரஜா சோசலிஸ்ட் கட்சி, சுதந்திரா கட்சி, ஜன சங்கம் ஆகியவை ஆதரவளித்தன. சீன எல்லையே பிரசாரத்தின் மையமாக இருந்தது. எனினும் மேனன் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

திருச்சானூரிலிருந்து சபாநாயகர் இருக்கைக்கு

எல்லை தொடர்பான இந்தச் சூடான விவாதங்கள் மக்களவையில் நடந்தபோது, சபாநாயகர் இருக்கையில் அமர்ந்திருந்தவர் திருப்பதிப் பகுதியைச் சேர்ந்த எம். அனந்தசயனம் அய்யங்கார். திருப்பதியை அடுத்த திருச்சானூரில் 1891ஆம் ஆண்டு பிறந்த அவர் வழக்கறிஞர். மத்திய சட்டமன்றத்திலும் அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினராக இருந்தவர். முதல் மக்களவைக்கு 1952இல் திருப்பதியிலிருந்தும், பின்னர் 1957, 1962 ஆகிய தேர்தல்களில் சித்தூரிலிருந்தும் காங்கிரஸ் சார்பில் தேர்வானார். ஜி.வி. மவலங்கர் மறைந்ததையடுத்து 1956 மார்ச்சில் சபாநாயகரானார்.

இதே வட்டாரத்துடன் தொடர்புடைய இன்னொருவரும் அந்தக் காலகட்டத்தில் உச்சப் பதவியை அடைந்தார். அன்று சித்தூர் மாவட்டத்துடன் இணைந்திருந்து 1960இல் சென்னை மாநிலத்துக்கு மாற்றப்பட்ட திருத்தணியில் பிறந்தவர், திருப்பதியில் பள்ளிக்கல்வி பயின்றவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1962 மே மாதம் குடியரசுத் தலைவரான அவர், போர்த் தோல்விக்குப் பிறகு அரசு எளிதில் நம்பியதையும் அசட்டையாக இருந்ததையும் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார்.

ஒரே ஆண்டில் இரு முடிவுகள் தந்த சித்தூர்

பொதுத் தேர்தல் முடிந்த சில வாரங்களிலேயே அனந்தசயனம் அய்யங்கார் பீகார் ஆளுநராக நியமிக்கப்பட்டார். காலியான சித்தூர் தொகுதியில் அதே 1962ஆம் ஆண்டு இடைத்தேர்தல் நடந்தது. அதில் வென்றவர் சுதந்திரா கட்சித் தலைவர் என்.ஜி. ரங்கா.

ரங்கா காங்கிரசுக்கு அந்நியர் அல்லர். குண்டூர் மாவட்டத்தைச் சேர்ந்த அவர் விவசாயிகள் இயக்கத்தின் முன்னோடி. ஆந்திரப் பிரதேச காங்கிரஸ் கமிட்டியின் தலைவராக இருந்தவர். 1951இல் கட்சியிலிருந்து விலகிக் கிருஷிகார் லோக் கட்சியைத் தொடங்கி, பின்னர் காங்கிரசுக்குத் திரும்பியவர். நாக்பூர் தீர்மானம் சிறு, நடுத்தர உழவர்களின் நில உரிமையைப் பறித்துவிடும் என்று கருதி 1959இல் மீண்டும் விலகினார். அதே ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் ராஜாஜி முன்னின்று அறிவித்த சுதந்திரா கட்சிக்கு ரங்கா தலைவரானார். 1962 பொதுத் தேர்தலில் அக்கட்சி மக்களவையில் 18 இடங்களைப் பிடித்தது.

சுதந்திரா கட்சியின் முதன்மைக் கோரிக்கை வெளியுறவு அல்ல. நிலம், வரி, உரிமக் கட்டுப்பாடு ஆகியவையே. ஆனால் சீனாவுடனான எல்லைப் பிரச்சினை முற்றியபோது, அணிசேராமையைக் கைவிட்டு மேற்கு நாடுகளுடன் நெருங்க வேண்டும் என்று வாதிட்ட குரல்களில் அக்கட்சியின் குரலே உரத்து ஒலித்தது. காங்கிரசுக்குள் தணிந்த குரலில் பேசப்பட்டதைச் சித்தூர் உறுப்பினரால் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து வெளிப்படையாகப் பேச முடிந்தது.

மையவாதக் கடும்போக்காளர்களின் பேரம் பேசும் வலிமைக்கு இது முக்கியமான காரணம். கட்சியை விட்டு வெளியேறினாலும் வெற்றி பெற முடியும் என்பதற்குச் சித்தூர் கண்முன் நின்ற சான்றாக இருந்தது. வெளியே ஒரு கதவு திறந்திருந்தால், உள்ளே இருப்பவரின் பேச்சுக்கு மதிப்புக் கூடுகிறது.

1962: எட்டு மாதங்களில் தலைகீழான நிலை

சீனப் படைகள் 1962 அக்டோபர் 20ஆம் தேதி தாக்குதலைத் தொடங்கின. அக்டோபர் 26ஆம் தேதி நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. காங்கிரஸ் நாடாளுமன்றக் கட்சிக் கூட்டங்களில் மேனனுக்கு எதிரான குரல்கள் வெடித்தன. முதலில் அவரிடமிருந்து பாதுகாப்புத் துறை பறிக்கப்பட்டு, பாதுகாப்பு உற்பத்தித் துறை மட்டும் தரப்பட்டது. அதையும் உறுப்பினர்கள் ஏற்கவில்லை. நவம்பர் 7ஆம் தேதி அவர் அமைச்சரவையிலிருந்து வெளியேறினார். மகாராஷ்டிர முதலமைச்சர் ஒய்.பி. சவாண் பாதுகாப்பு அமைச்சராக டெல்லிக்கு அழைக்கப்பட்டார்.

பிப்ரவரியில் வாக்காளர்களால் அசைக்க முடியாத அமைச்சரை, நவம்பரில் சொந்தக் கட்சியின் உறுப்பினர்களே அகற்றினர். அந்த எட்டு மாதங்களில் கடும்போக்காளர்களின் எண்ணிக்கை பெருகிவிடவில்லை. அதுவரை மௌனமாக இருந்த நடுவரிசை உறுப்பினர்கள் அவர்கள் பக்கம் சாய்ந்தனர். இழந்த நிலத்தின் ஒவ்வோர் அங்குலத்தையும் மீட்போம் என்ற தீர்மானம் நவம்பர் 14ஆம் தேதி மக்களவையில் நிறைவேறியது. ஒரு வாரத்தில் சீனா ஒருதலைப்பட்சமாகப் போர்நிறுத்தம் அறிவித்தது.

கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன?

கடும்போக்காளர்கள் கேட்டவற்றில் பெரும்பகுதி கிடைத்தது. 1963-64 நிதியாண்டின் பாதுகாப்புச் செலவு 800 கோடி ரூபாயைத் தாண்டியது. ராணுவத்தின் பலத்தை 8,25,000 வீரர்களாக உயர்த்தத் திட்டம் வகுக்கப்பட்டது. அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளிடமிருந்து ஆயுத உதவி பெறப்பட்டது.

ஆனால் கட்சியின் அடிப்படை திசை மாறவில்லை. அணிசேராமையைக் கைவிட நேரு மறுத்தார். சோவியத் யூனியனிடமிருந்து மிக் போர் விமானங்கள் வாங்கும் முடிவு நீடித்தது. திட்டமிட்ட பொருளாதாரமும் பொதுத்துறையும் தொடர்ந்தன. பாதுகாப்பில் இறங்கி வந்து, கொள்கையில் உறுதியாக நின்றது கட்சி.

இந்தச் செலவுக்கான பணத்தைத் திரட்டும் பொறுப்பு நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் மீது விழுந்தது. கட்டாயச் சேமிப்புத் திட்டமும் புதிய வரிகளும் வந்தன. தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 1963 ஜனவரியில் அறிவிக்கப்பட்டன. புதிய நகைகளை 14 காரட்டுக்கு மேல் செய்யக்கூடாது என்ற விதியால் பொற்கொல்லர் குடும்பங்கள் வேலையிழந்தன. சீனா மீது கோபம் கொண்டிருந்த அதே மக்கள், தாலிக்குத் தங்கம் வாங்கக் கட்டுப்பாடு என்றபோது அரசு மீது கோபம் கொண்டனர். பாதுகாப்பில் கடுமை காட்டுவதற்கு ஒரு விலை உண்டு என்பதையும், அந்த விலையை வசூலிப்பவரே மக்களின் வெறுப்பைச் சம்பாதிக்கிறார் என்பதையும் மையவாதிகள் அப்போது உணர்ந்தனர்.

கிருபளானி, ராம் மனோகர் லோகியா, மினு மசானி ஆகிய மூவரும் 1963 இடைத்தேர்தல்களில் வென்று மக்களவைக்கு வந்தனர். அந்த ஆண்டு ஆகஸ்டில் கிருபளானி கொண்டுவந்த, மக்களவையின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் 62க்கு 347 என்ற வாக்குகளில் தோற்றது. காங்கிரசுக்குள் இருந்த அதிருப்தியாளர் எவரும் அணி மாறத் துணியவில்லை. மூத்த தலைவர்கள் பதவி விலகிக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற காமராஜர் திட்டம் அதே மாதத்தில் செயல்பட்டபோது, மொரார்ஜி தேசாயும் எஸ்.கே. பாட்டீலும் அமைச்சரவையிலிருந்து வெளியேறியவர்களுள் இடம்பெற்றனர்.

குண்டூர் 1964: அணுகுண்டு கேள்வி

கடும்போக்காளர்கள் ஒரே அணியாக இருந்தார்கள் என்று எண்ணினால் அது தவறு. சீனா 1964 அக்டோபர் 16ஆம் தேதி தனது முதல் அணுகுண்டைச் சோதித்தது. அடுத்த மாதம் ஆந்திரத்தின் குண்டூரில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டிக் கூட்டத்தில், இந்தியாவும் குண்டு தயாரிக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் பலர் வலியுறுத்தினர். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அதை ஏற்கவில்லை. எல்லைப் பிரச்சினையில் எதிரெதிர் முனைகளில் நின்ற மொரார்ஜி தேசாயும் கிருஷ்ண மேனனும் குண்டை எதிர்ப்பதில் ஒரே பக்கம் நின்றனர்.

எனினும் அழுத்தம் வீண்போகவில்லை. அணுசக்தியின் அமைதிப் பயன்பாட்டுக்கான வெடிப்பு ஆய்வுகளுக்கு இடமளிக்கும் வகையில் சாஸ்திரி அந்த மாத இறுதியிலேயே நாடாளுமன்றத்தில் பேசினார். முழுக் கோரிக்கையை மறுத்து, பாதி வழியைத் திறந்துவிடும் உத்தி மீண்டும் கையாளப்பட்டது.

எந்தப் புள்ளியில் ஒருவர் விலகுகிறார் என்பதற்கு மகாவீர் தியாகி எடுத்துக்காட்டு. சாஸ்திரி அமைச்சரவையில் இடம்பெற்ற அவர், 1965 போரில் கைப்பற்றப்பட்ட ஹாஜி பீர் கணவாயைப் பாகிஸ்தானிடம் திருப்பித்தர வழிசெய்த தாஷ்கண்ட் உடன்பாட்டை எதிர்த்து 1966 ஜனவரியில் பதவி விலகினார். அமைச்சர் பதவியைத்தான் துறந்தார். அதனால் அரசின் முடிவு மாறவில்லை.

இடம் காலியானது எப்படி?

சித்தூர் 1967இல் காங்கிரசிடம் திரும்பியது. ரங்கா பின்னர் ஸ்ரீகாகுளத்திலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். கிருஷ்ண மேனனுக்குக் காங்கிரஸ் போட்டியிட வாய்ப்பு மறுத்ததால் அவர் கட்சியை விட்டு விலகினார். இரு முனைகளும் கட்சிக்கு வெளியே தள்ளப்பட்ட காலம் அது.

வங்கிகள் 1969 ஜூலையில் தேசியமயமாக்கப்பட்டன. அடுத்த மாதம் குடியரசுத் தலைவர் தேர்தலில் காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளரான ஆந்திரத்தின் நீலம் சஞ்சீவ ரெட்டி தோல்வியடைந்து, வி.வி. கிரி வென்றார். நவம்பரில் கட்சி பிளந்தது. மொரார்ஜி தேசாய் உள்ளிட்ட மூத்த தலைவர்கள் ஒருபுறம். பிரதமர் இந்திரா காந்தி மறுபுறம்.

அதன்பின் நடந்ததுதான் மையவாதக் கடும்போக்காளர்களின் தனி இடத்தை ஏறக்குறைய முடிவுக்குக் கொண்டுவந்தது. இடதுசாரி முழக்கங்களுடன் 1971 தேர்தலில் வென்ற இந்திரா காந்தியே கடும்போக்கையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். சோவியத் யூனியனுடன் அந்த ஆண்டு ஆகஸ்டில் நட்புறவு ஒப்பந்தம்; டிசம்பரில் வங்கதேசப் போர்; 1974 மே 18ஆம் தேதி பொக்ரானில் அணுவெடிப்புச் சோதனை. வறுமையை ஒழிப்போம் என்று சொன்ன தலைமையே போரிலும் வென்றுவிட்டபோது, பாதுகாப்பில் அரசு பலவீனமாக இருக்கிறது என்று வாதிடக் கட்சிக்குள் எவருக்கும் காரணம் இல்லாமல் போனது.

சுதந்திரா கட்சி 1974இல் பாரதிய லோக் தளத்துடன் இணைந்து மறைந்தது. ரங்காவோ காங்கிரசுக்குத் திரும்பி, 1980 முதல் தொடர்ந்து மூன்று தேர்தல்களில் குண்டூரிலிருந்து அக்கட்சியின் உறுப்பினராக வென்றார்.

பொதுவுடைமைக் கட்சியிலும் அதே பிளவு

இந்தக் கேள்வி காங்கிரசோடு நிற்கவில்லை. முழுமையான இடதுசாரிக் கட்சியான இந்திய கம்யூனிஸ்ட் கட்சியையும் அது உலுக்கியது. 1962 நவம்பர் தொடக்கத்தில் கூடிய கட்சியின் தேசியக் குழு, எஸ்.ஏ. டாங்கேயின் தலைமையில் சீனத் தாக்குதலைக் கண்டித்து அரசின் பாதுகாப்பு முயற்சிகளை ஆதரித்தது. அதை ஏற்காத பிரிவின் தலைவர்கள் பலர் கைது செய்யப்பட்டனர். அந்தப் பிரிவினர் 1964 ஜூலையில் ஆந்திரத்தின் தெனாலியில் தனியாக மாநாடு கூட்டினர். அந்த ஆண்டே மார்க்சிஸ்ட் கட்சி உருவானது. பிளவுக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் எல்லைப் போர்தான் அவற்றை இனி ஒட்டவைக்க முடியாத விரிசலாக்கியது.

லோகியாவின் சோசலிஸ்டுகளும் பிரஜா சோசலிஸ்டுகளும் பொருளாதாரத்தில் காங்கிரசைவிட இடதுபக்கம் நின்றபடியே, திபெத், சீனா ஆகியவற்றில் அரசைவிடக் கடுமை காட்டினர். இடதுசாரி என்றால் புறா, வலதுசாரி என்றால் பருந்து என்ற சமன்பாடு இந்திய அரசியலில் செல்லாது.

பிற நாடுகளில்

பிரிட்டனின் தொழிற்கட்சி அரசில் 1945 முதல் 1951 வரை வெளியுறவு அமைச்சராக இருந்த எர்னஸ்ட் பெவின், தொழிற்சங்கத் தலைவராக வளர்ந்தவர். நேட்டோ கூட்டணி 1949இல் உருவானதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் ராணுவச் செலவு கூடியபோது, 1951ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மூக்குக் கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் கட்டணம் விதிக்கப்பட்டது. இலவச மருத்துவச் சேவையை உருவாக்கிய அமைச்சர் அன்யூரின் பெவன் அதை எதிர்த்துப் பதவி விலகினார். இந்தியாவில் தங்கக் கட்டுப்பாடு கேட்ட அதே கேள்வியை அங்கே மூக்குக் கண்ணாடி கேட்டது.

அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சியின் செனட்டர் ஹென்றி ஜாக்சன், தொழிலாளர் நலத் திட்டங்களை ஆதரித்தபடியே சோவியத் யூனியனிடம் மிகக் கடுமையான போக்கைக் கடைப்பிடித்தார். 1972, 1976 ஆகிய ஆண்டுகளில் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்று தோற்றார். அவரிடம் பயின்ற ரிச்சர்ட் பெர்ல் உள்ளிட்ட சிலர் பின்னர் குடியரசுக் கட்சியின் ரீகன் அரசில் பணியாற்றினர். உள்ளே இடம் சுருங்கும்போது, தலைவர் தங்கிவிடுகிறார். அடுத்த தலைமுறை வெளியேறுகிறது.

அலிபிரிக்குப் பின்: உள்நாட்டுப் பாதுகாப்பு

திருப்பதி இதே கேள்வியை வேறு வடிவில் இன்னொரு முறை சந்தித்தது. பிரம்மோற்சவத்தையொட்டி 2003 அக்டோபர் 1ஆம் தேதி திருமலைக்குச் சென்றுகொண்டிருந்த அன்றைய முதலமைச்சர் என். சந்திரபாபு நாயுடுவின் வாகனத்தை, மலையடிவாரமான அலிபிரியில் நக்சலைட்டுகள் கண்ணிவெடி வைத்துத் தாக்கினர். அவர் காயங்களுடன் தப்பினார். சட்டமன்றம் கலைக்கப்பட்டு முன்கூட்டியே தேர்தல் வந்தது.

தாக்குதலால் எழுந்த அனுதாபமோ பாதுகாப்பு வாதமோ அந்தத் தேர்தலில் எடுபடவில்லை. வறட்சியும் உழவர் துயரமும் முன்னுக்கு வந்தன. 294 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் தெலுங்கு தேசம் 47 இடங்களுக்குச் சுருங்கியது. இடதுசாரிக் கட்சிகளுடன் கூட்டணி வைத்த காங்கிரஸ், ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி தலைமையில் ஆட்சியைப் பிடித்தது.

புதிய அரசு 2004 அக்டோபரில் நக்சலைட்டுகளுடன் ஹைதராபாத்தில் நேரடிப் பேச்சு நடத்தியது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பேச்சு முறிந்தது. காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர் நர்சி ரெட்டி 2005 ஆகஸ்ட் 15ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து, அரசு மாவோயிஸ்டுகள் மீது மீண்டும் தடை விதித்தது. சமரசத்துடன் தொடங்கிய கட்சி ஓராண்டுக்குள் கடும்போக்குக்கு மாறியது. ஆனால் இலவச மின்சாரம் போன்ற உழவர் நலத் திட்டங்களை அது கைவிடவில்லை. 1962இல் கண்ட அதே வடிவம்: பாதுகாப்பில் மாற்றம், நலக்கொள்கையில் தொடர்ச்சி.

முக்கிய நிகழ்வுகள்

• 1950 நவம்பர்: சீனா குறித்து நேருவுக்குப் படேல் கடிதம்
• 1955 ஜனவரி: ஆவடி மாநாடு, சோசலிச பாணித் தீர்மானம்
• 1959: நாக்பூர் தீர்மானம், சுதந்திரா கட்சி தோற்றம், கொங்கா கணவாய் மோதல்
• 1962: சித்தூரில் அனந்தசயனம் அய்யங்கார் வெற்றி, பின்னர் இடைத்தேர்தலில் ரங்கா வெற்றி
• 1962 நவம்பர் 7: கிருஷ்ண மேனன் பதவி விலகல்
• 1963 ஆகஸ்ட்: முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம், காமராஜர் திட்டம்
• 1964 நவம்பர்: குண்டூர் காங்கிரஸ் கூட்டத்தில் அணுகுண்டு விவாதம்
• 1966 ஜனவரி: தாஷ்கண்ட் உடன்பாட்டை எதிர்த்து மகாவீர் தியாகி விலகல்
• 1969 நவம்பர்: காங்கிரஸ் பிளவு
• 1974 மே: பொக்ரான் சோதனை
• 2003 அக்டோபர்: அலிபிரி தாக்குதல்

வரலாறு தரும் அளவுகோல்

இந்த நிகழ்வுகளை ஒருசேரப் பார்த்தால் நான்கு உண்மைகள் புலப்படுகின்றன.

முதலாவது, இடதுசாரிச் சாய்வுள்ள கட்சியில் மையவாதக் கடும்போக்காளர்களின் பலம் அவர்களுடைய எண்ணிக்கையில் இல்லை. நடுவரிசை உறுப்பினர்கள் எப்போது அவர்கள் பக்கம் சாய்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அந்தச் சாய்வை உருவாக்குவது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் அதிர்ச்சி.

இரண்டாவது, அப்போதும் அவர்களுக்குக் கிடைப்பது அமைச்சர் மாற்றமும் நிதி ஒதுக்கீடும்தான். கட்சியின் கொள்கை அல்ல. மூன்றாவது, பாதுகாப்புக்கான கூடுதல் செலவு சாமானியரின் சமையலறையையும் நகைப்பெட்டியையும் எட்டும்போது, ஆதரவு வேகமாகக் கரைகிறது.

நான்காவது, கட்சித் தலைமையே கடும்போக்கை ஏற்றுக்கொண்டுவிட்டால், அதற்காகவே அறியப்பட்ட தலைவர்களுக்குத் தனி அடையாளம் மிஞ்சுவதில்லை. அவர்கள் வாதம் வெல்கிறது. அவர்கள் அணி கலைகிறது.

பாதுகாப்பு விவகாரத்தில் ஒரு கட்சிக்குள் பூசல் என்ற செய்தி வரும்போதெல்லாம், மேடையில் உரக்கப் பேசுபவரைவிட மௌனமாக அமர்ந்திருக்கும் நடுவரிசையையும், கட்சிக்கு வெளியே திறந்திருக்கும் தொகுதியையும் கவனிப்பது பயன் தரும். 1962இல் காங்கிரஸ் நாடாளுமன்றக் கட்சிக் கூட்டம் முதலாவதைக் காட்டியது. சித்தூர் இடைத்தேர்தல் இரண்டாவதைக் காட்டியது.